குளிகையில் தொடங்கிய நடை

எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், டீச்சர் வீட்டு வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. அதன் பக்கத்தில், மேலே போகும் முதல் படியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் தர்பூசணி, இன்னொரு கையில் அலுவலகப் பை. மூச்சு மட்டும் எந்தக் கையிலும் இல்லை.

சித்திரை மாதத்துச் சாயங்காலம். மாடிப்படிச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டிலிருந்து ஈரக் காலுறை வாசனை. யார் வீட்டிலோ கொசுவர்த்தி ஏற்றியிருந்தார்கள்.

டீச்சர் கதவைத் திறந்தார்.

"என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ஷூ லேஸ் அவுந்துடுச்சு. கட்டிக்கிட்டிருக்கேன்."

டீச்சர் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரப்பர் செருப்பு.

"கட்டுங்க, கட்டுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பொய் கேட்டுப் பழகியவர். இதைவிட மோசமானதைக் கேட்டிருக்க மாட்டார்.

தலைக்கு மேலே வளையல் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்து என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

தேதி இல்லாத வாரம்

மேற்கொண்டு சொல்வதற்கு முன் ஒரு விளக்கம். சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், "பஞ்சாங்கம் நாங்கள் தனியாக வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். நியாயமான கோரிக்கை. எங்கள் வீட்டுக்கு முதல் மிக்ஸி வந்த நாள், அது புகைந்த நாள், இரண்டுமே எனக்குத் தெரியும். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். அதனால் இந்த வாரம் தேதிகளை அவிழ்த்து வைத்துவிட்டேன். மாதம் மட்டும் வரும். அதையாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தேதி பார்க்கும் இந்தக் குணம்தான் இந்தக் கதையில் என்னைக் கவிழ்த்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

சரோஜாவின் கெடு

அன்று இரவு சாப்பாட்டில் சரோஜா தர்பூசணியை வெட்டிக்கொண்டே பேசினாள். அவள் முக்கியமான விஷயங்களைக் கத்தியும் கையுமாகத்தான் பேசுவாள்.

"வித்யா சொல்றதைக் கேட்டுடலாம்ங்க."

வித்யா எங்கள் மகள். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் தாண்டி ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு லிஃப்ட். பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

லஸ்ஸுக்கும் கச்சேரி ரோட்டுக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சுவர் முழுக்க என் புத்தகங்கள். கீழே இறங்கினால் ஒரு பக்கம் நூலகம், ஒரு பக்கம் பழைய புத்தகக் கடை, எதிரே, சைதாப்பேட்டையில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போகும் பஸ். இதை விட்டுவிட்டு நாவலூர் தாண்டிப் போய் நான் யாரிடம் எந்தத் தேதியைச் சொல்வேன்?

"ஒரு நாள் மூச்சு வாங்கினதுக்கு வீட்டையே மாத்துவாங்களா?"

"ஒரு நாளா? நீங்க தினம் அங்கதான் லேஸ் கட்டறீங்க."

சரோஜா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆவணி பொறக்கறதுக்குள்ள நடுவுல எங்கயும் உக்காராம மூணு மாடி ஏறிக் காட்டுங்க. நான் வீட்டுப் பேச்சே எடுக்கல. இல்லேன்னா ஆவணியில மாறிடலாம். லிஃப்ட் இருக்கற வீடு. அவ்ளோதான்."

ஆவணி என்று அவள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆக எனக்கு ஆடி முடியும்வரை அவகாசம். ஒப்புக்கொண்டேன். தினமும் காலையில் அலுவலகம் போவதற்கு முன் கச்சேரி ரோடு வழியாகக் கடற்கரை வரை நடந்து திரும்புவேன் என்று அறிவித்தேன். அறிவிப்பதில் எனக்கு மூச்சு வாங்காது.

டம்பெல்ஸ் செய்த பயிற்சி

இது என் முதல் முயற்சி அல்ல. பல வருஷங்களுக்கு முன், பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு ஜோடி டம்பெல்ஸ் வாங்கினேன். தி. நகரிலிருந்து மயிலாப்பூர் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததுதான் நான் அவற்றைக் கொண்டு செய்த ஒரே பயிற்சி. ஒன்று பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்தது. இன்னொன்றுக்குச் சரோஜா நல்ல வேலை கண்டுபிடித்தாள்.

எங்கள் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடை ஒன்று கீழே இறங்கும். காய், கீரை, மீன் எல்லாம் அதில்தான் ஏறும். கடல் காற்றில் வெறும் கூடை ஆடி முதல் மாடி ஜன்னலில் இடித்ததால், அந்த இன்னொரு டம்பெல்ஸைக் கூடைக்குள் கட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் தினமும் தவறாமல் மூன்று மாடி ஏறி இறங்கிய ஒரே ஜீவன் அதுதான்.

முன்பெல்லாம் சரோஜாவே கீழே போய் வாங்குவாள். கூடை வந்தது சமீபத்தில்தான். என்ன வசதி என்று நான் அதை வியந்தேனே தவிர, ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. மிக்ஸி புகைந்த நாளை நினைவில் வைத்திருப்பவன் கவனிக்கும் லட்சணம் இது.

மீன் கொண்டுவருபவள் மேரி. நொச்சிக்குப்பத்துக்காரி. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அங்கேயே கொஞ்சம் விற்றுவிட்டு, மிச்சத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் சந்துக்கு வருவாள். "யக்கா!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று மாடியும் திரும்பிப் பார்க்கும்.

நாள் பார்த்த கதை

நடப்பதற்கு முன் நடப்பதைப் பற்றிப் படித்தேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துவந்தேன். அந்தக் காலத்து யாத்ரீகர்கள் காசிக்கு நடந்த கதைகளை நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிப்பது மிகவும் சுகமாக இருந்தது. சித்திரை போயிற்று.

ரங்கநாதன் தெருவில் நெரிசலில் நசுங்கி ஷூ வாங்கினேன். இந்த முறை உண்மையான லேஸ் வைத்தது. அப்போது கத்திரி வெயில். வெயிலில் புதுப் பழக்கம் தொடங்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் வருமுன் விடியற்காலையிலேயே போகலாமே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சரோஜா சொன்னாள், நான் கேட்கவில்லை.

பிறகு நாள் பார்த்தேன். அஷ்டமி, நவமி தள்ளினேன். வியாழக்கிழமை விடிந்ததுமே எமகண்டம். திங்கட்கிழமை திரும்பி வரும்போது ராகு காலம். நடுவில் எனக்குச் சந்திராஷ்டமம். தேய்பிறையில் தொடங்கினால் தேய்ந்துவிடும். தேய வேண்டியது தொப்பைதானே என்று தோன்றியபோது வளர்பிறை வந்துவிட்டது.

"நடக்கறதுக்கு எதுக்குங்க நாளு?" என்றாள் சரோஜா. "நம்ம ரெண்டு காலு, அரசாங்க ரோடு."

ஆனி பாதி போனபோது பயம் வந்தது. ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடங்க முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்றது. குளிகை!

குளிகை நேரத்தில் செய்தது எதுவாக இருந்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், சாவு எடுக்க மாட்டார்கள். பழக்கம் என்றால் என்ன? திரும்பத் திரும்ப நடப்பதுதானே? சனிக்கிழமை விடிந்ததும் முதலில் வருவதே குளிகை. அதில் ஒரு நாள் நடந்துவிட்டால் போதும், மிச்சத்தைக் குளிகை பார்த்துக்கொள்ளும்.

உடற்பயிற்சியையும் பஞ்சாங்கத்தையும் இப்படி முடிச்சுப் போட்ட முதல் ஆள் நான்தான் என்று அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

குளிகை வேலை செய்தது

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். புது ஷூ ஒவ்வோர் அடிக்கும் கீச்சென்றது. மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கச்சேரி ரோட்டில் திரும்பினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன்.

"அரே, சார்! இந்த நேரத்துல நீங்களா? கரண்டு ஏதாவது போயிடுச்சா?"

டீக்கடை பெஞ்சில் நசீர் பாய். என் பேண்ட்டுகளைத் தைப்பவர். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவருக்கு அந்த பெஞ்சுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"செய்யுங்க சார், கண்டிப்பா செய்யுங்க. உங்க பேண்ட்ல பிரிச்சு விட இனிமே உள்ளே துணி இல்லை. இப்போ ஒரு டீ சாப்பிட்டுப் போங்க."

டீ வந்தது. எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மசால் வடை வந்தது. பெஞ்சில் அன்றைய செய்தித்தாள்கள் எல்லாம் இருந்தன. நான் நிமிர்ந்தபோது வெயில் கடைக்குள் வந்திருந்தது. கடலுக்குப் போக நேரமில்லை. திரும்பிவிட்டேன்.

குளிகையைப் பற்றி யாரும் இனி என்னிடம் குறைவாகப் பேசக்கூடாது. அது சொன்னபடி செய்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேனோ அது திரும்பத் திரும்ப நடந்தது. ஞாயிறு டீக்கடை, திங்கள் டீக்கடை. ஆடி பிறந்தும் டீக்கடை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு காலைப் பழக்கம் அசையாமல் அமைந்துவிட்டது.

"சார், கடல் இங்கே வராது. நீங்கதான் போகணும்" என்பார் பாய், வடையை என் பக்கம் நகர்த்திக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்பும்போது, வேர்க்க வேண்டும் என்பதற்காகக் கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் வேகமாக வருவேன். இரண்டாவது மாடியில் லேஸ் கட்டுவேன். இப்போது கட்டுவதற்கு லேஸ் இருந்தது.

"எப்படிங்க இருந்துச்சு கடலு?" என்பாள் சரோஜா.

"அலை கொஞ்சம் ஜாஸ்தி."

ஆடியில் ஒரு காலை. நான் குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழே மேரியின் குரல்.

"யக்கா! ஊட்டுக்காரு தினம் கடலுக்கு நடக்கறாருன்னு சொன்னியே, எங்கக்கா நடக்கறாரு? டெய்லி டீக்கடையாண்ட குந்திக்கினு வடைய துன்னுக்கினு கீறாரு! ஆட்டோல போ சொல்ல நான் பாத்துக்கினேதானே போறேன்!"

எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொன்றும் திறந்தது. இரண்டாவது மாடியில் டீச்சர் சிரித்தார் என்று நினைக்கிறேன். நான் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். இனி வெளியே வராமல் அங்கேயே குடியிருந்துவிட முடியுமா என்று யோசித்தேன்.

கரை

சரோஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நான் கோபித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்ச நேரம் பால்கனியில் கூடைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஏதோ முடிவு செய்கிறவள்போல இருந்தது. பிறகு மறுபடி கீழே குனிந்து மேரியிடம் பேசினாள்.

மறுநாள் விடியும் முன் என் முன்னால் ஒரு வயர் கூடை.

"இனிமே மேரி நம்ம சந்துக்கு வந்தாலும் நமக்கு மீன் தரமாட்டா. கரையிலதான் தருவா. போய் வாங்கிட்டு வாங்க."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை சும்மா போய் மூஞ்சியக் காட்டிட்டு வாங்க. காட்டினீங்களான்னு அவ எனக்குச் சொல்லிடுவா."

அன்றுதான் நான் முதன்முதலாக நடந்தேன். டீக்கடையைக் கடக்கும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். வடை வாசனை சட்டையைப் பிடித்து இழுத்தது. அம்மன் கோயில் ஒலிபெருக்கி அப்போதே பாட ஆரம்பித்திருந்தது. சாந்தோம் சாலையைக் கடந்து கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் பேசும் நிலையில் இல்லை.

"வா சார், வா!" மேரி சங்கரா மீனுக்கும் காரப்பொடி மீனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். "கடலு இங்கதான் கீது. நல்லா பாத்துக்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல?"

பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் புகழ் எனக்கு முன்னே நடந்து வந்திருந்தது.

"இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது? அந்த ஐஸ் பொட்டி மேல குந்து."

உட்கார மாட்டேன் என்று தலையாட்டினேன். அடுத்த கணம் உட்கார்ந்தேன். ஐஸ் பெட்டி ஈரம். திரும்பும் வழியெல்லாம் பின்பக்கம் நனைந்த பேண்ட்டோடு, கையில் மீன் கூடையோடு, பின்னால் ஒரு பூனையோடு நடந்தேன். நசீர் பாய் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

சில நாளில் பாயும் கூட வர ஆரம்பித்தார். "உங்க இடுப்பு குறையுதான்னு நான்தான் சார் கவனிக்கணும், தொழில் விஷயம்" என்றார். திரும்பும்போது ஒரு டீ உண்டு. வடை பாதி எனக்கு, பாதி பூனைக்கு.

காலை விடிந்ததும் கால் தானாகவே ஷூவைத் தேடுவது எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தேதி தெரியாமல் என் வாழ்க்கையில் நடந்த ஒரே முக்கியமான சம்பவம் அது. மீன் கெட்டுவிடுமே என்று வேகமாக வருவேன். வந்து குளித்து பஸ்ஸைப் பிடிப்பேன். டீச்சர் வீட்டு ஸ்டாண்டுப் பக்கத்தில் உட்காராமல் சுவரில் சாய்ந்தேன். பிறகு சாயாமல் நின்றேன். பிறகு ஒரு நாள் நிற்கவும் மறந்துவிட்டேன்.

பரீட்சை

ஆடியின் கடைசி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். "நானும் வரேன். வரும்போது கீழ நின்னு நீங்க ஏறறதைப் பார்க்கறேன்" என்றாள் சரோஜா. இறங்கும்போது மெதுவாக வந்தாள். புடவை தடுக்கிறது என்றாள். நான் முன்னால் போய்விட்டேன்.

கூழும் கருவாட்டுக் குழம்பும் தூக்கில் வாங்கிக்கொண்டு திரும்பினோம். படிக்கட்டு அடியில் தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"எங்க, ஏறுங்க பார்க்கலாம்."

ஏறினேன். முதல் மாடி. இரண்டாவது மாடி, செருப்பு ஸ்டாண்டுக்கு ஒரு வணக்கம்கூடப் போடவில்லை. மூன்றாவது மாடி. மார்பு கொஞ்சம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். தூக்கிலிருந்து ஒரு சொட்டுக் கூழ் சிந்தவில்லை.

"ஏறிட்டேன்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். மேரிக்கு நான் ஒன்றும் குறைந்தவனில்லை.

பதில் இல்லை. கதவு பூட்டியிருந்தது. சாவி அவளிடம். காத்திருந்தேன். கைப்பிடி வழியே எட்டிப் பார்த்தேன். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்த ஒரு கை, வளையலோடு. அது நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பிறகு தெரியவில்லை.

இறங்கினேன்.

சரோஜா இரண்டாவது மாடியில், டீச்சர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

"லேஸ் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

காலில் செருப்பு.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

"எத்தனை நாளா?"

"கூடை கட்டினதுலருந்து."

கூடை ஆடியது, டம்பெல்ஸ் ஏறி இறங்கியது, அவள் கீழே வராதது எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வீடு பார்ப்பீங்க. ஆனா ஆயுசுக்கும் என் முட்டியாலதான் மயிலாப்பூரை விட்டீங்கன்னு இருக்கும். நீங்க எப்படியும் தோத்துடுவீங்க, உங்க மூச்சாலயே மாறினதா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அப்போ டீக்கடையிலயே என்னை விட்டிருக்கலாம். தானா தோத்திருப்பேன்."

"விட்டுடலாம்னுதான் பார்த்தேன்." அவள் சிரித்தாள். "வடையத் தின்னுக்கிட்டு நீங்க தோக்கறதை வேடிக்கை பார்க்க முடியலங்க."

டீச்சர் கதவைத் திறந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முன்பணம்

ஜெயித்தவன் நான். அதனால் வீட்டுப் பேச்சை நானே எடுக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் வேண்டும் என்றேன். நாவலூர் வேண்டாம் என்றாள் அவள். "அங்க கரைக்கு எப்படி நடப்பீங்க? பஸ்ஸுலயா?"

நசீர் பாய் ஒரு வீடு சொன்னார். கச்சேரி ரோட்டிலேயே, சாந்தோம் பக்கம், அவருடைய உறவுக்காரரின் கட்டடம். லிஃப்ட் சின்னதுதான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கிருப்பதை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வாடகைக்குப் போவதென்று முடிவாயிற்று.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை பாய் போன் செய்தார். வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறாராம், போவதற்குள் முன்பணம் கொடுத்தால் சாவி தந்துவிடுவாராம். அவசரமாகச் சட்டையை மாட்டினேன். வாசலில் சரோஜா மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"முன்பணம் கொடுக்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"குளிகையில வீட்டுக்கு முன்பணமா? அப்புறம் வருஷத்துக்கு ஒரு வீடு மாறிக்கிட்டிருக்கணும். உங்க புஸ்தகத்தையெல்லாம் யார் கட்டறது? குளிகை முடிஞ்சதும் கொடுங்க. அவர் வண்டிக்கு நேரம் இருக்கு, பாய்கிட்ட கேட்டுட்டேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

அவள் வயர் கூடையை எடுத்து என் கையில் மாட்டினாள்.

"நடந்துட்டு வாங்க."